பூட்டைத் திறக்கும் பாடம்

வகுப்பறை மேசைமீது ஒரு பெட்டி. அதில் மூன்று இலக்க எண்பூட்டு. அருகிலுள்ள தாளில் நொய்யல், அமராவதி, பவானி என மூன்று ஆறுகளின் பெயர்கள்; கீழே, ‘காவிரியை அடையும் வரிசையில் எங்கள் பெயர்களை அளந்திடுக’ என்றொரு குறிப்பு. கொங்கு நாட்டு மாணவர் அனைவரும் அறிந்த ஆறுகளே இவை. எனினும் பூட்டு எளிதில் திறப்பதில்லை.

‘அளந்திடுக’ என்பது மாத்திரையைச் சுட்டுகிறது என உணர்வதே முதற்படி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனக் கணக்கிட்டால் நொய்யல் 3, அமராவதி 6, பவானி 4 மாத்திரை பெறும். 364 என அமைத்தால் பூட்டு அசையாது. காவிரியின் போக்கில் முதலில் வந்து சேர்வது பவானி. அடுத்து, தன் பெயரையே தாங்கிய ஊரருகே நொய்யல். பின்னர், கரூரை அடுத்த திருமுக்கூடலூரில் அமராவதி. ஆகவே 436. இலக்கணமும் நிலவியலும் கைகோத்தால்தான் பெட்டி திறக்கும்.

‘எஸ்கேப் ரூம்’ எனப்படும் புதிரறை விளையாட்டின் வகுப்பறை வடிவம் இது. மூடிய அறையில் தடயம் தேடும் கணினி விளையாட்டுகளை மெய்யான அறைக்குக் கொண்டுவந்தவர் ஜப்பானியரான தகாவோ கட்டோ. 2007இல் கியோட்டோ நகரில் அவர் நடத்திய விளையாட்டு விரைவில் உலகெங்கும் பரவியது. குழுவாகச் சேர்ந்து, குறித்த நேரத்திற்குள் புதிர்களை விடுவித்து வெளியேற வேண்டும் என்பதே விதி. ஆசிரியர்கள் அறைக்கு மாற்றாகப் பெட்டியைப் பூட்டினர்.

இம்மாற்றம் வசதிக்காக மட்டுமன்று. 2019 சனவரியில் போலந்தின் கோசாலின் நகரில் இத்தகைய கூடமொன்றில் தீப்பற்றியபோது, வெளியேற இயலாமல் பதினைந்து அகவைச் சிறுமியர் ஐவர் உயிரிழந்தனர். மாணவரை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டும் விளையாட்டு எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

பூட்டு எவரையும் கடிந்துகொள்வதில்லை. திறக்க மறுக்கிறது, அவ்வளவே. பிழை எங்கே என்று குழுவினரே திரும்பிச்சென்று தேடுகின்றனர். ஆனால், இதில் ஓர் ஓட்டையும் உண்டு. மூன்று எண்களும் தெரிந்தபின், ஆறு வரிசைகளையும் மாற்றி மாற்றி வைத்து, ஆற்றின் போக்கை அறியாமலேயே பூட்டைத் திறந்துவிடலாம்! அதனால் முயற்சிகளை இரண்டாகக் குறைப்பதும், திறந்தபின் ‘ஏன் இந்த வரிசை?’ என்று வினவுவதும் தேவையாகின்றன. விரைந்து விடைகாணும் ஒருவரே அனைத்தையும் முடித்துவிடாதபடி, குறிப்புகளைக் குழுவினரிடையே பகிர்ந்தளித்தலும் நன்று.

ஊகத்தால் வெல்ல முடியாத புதிருக்கு ஈரோடு மாவட்டத்து அறச்சலூர் வழிகாட்டுகிறது. அங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டில், தாள ஒலி எழுத்துகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில், எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுபோல் ஒலிக்குமாறு பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மூலையின் ஒன்பது கட்டங்களை மட்டும் தந்தால், அமைப்பைப் புரிந்துகொண்டவர் எஞ்சிய பதினாறையும் நிரப்பிவிடுவார்.

விடுவிப்பதைவிடப் புதிரை ஆக்குவது கடினம். நீங்களே முயன்று பாருங்கள். கரூர், ஈரோடு ஆகிய பெயர்களின் மாத்திரைகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் 8 வரும். ஈற்றிலுள்ள குற்றியலுகரத்தை மறந்தவருக்கு எட்டரை வரும். எண்பூட்டில் அரைக்கு இடமில்லை.