டார்னெய்ட் பேருந்தில் ஒரு ‘தேங்க்ஸ்’

மெல்பர்ன் மாநகரின் மேற்கு விளிம்பில், விண்டம் நகராட்சிக்குள் இருக்கிறது டார்னெய்ட். 2015 ஜூனில் ரயில் நிலையம் வந்தது. வெட்டவெளிகள் மளமளவென்று வீடுகளாயின. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 56,000 பேரைத் தாண்டிவிட்ட இந்த ஊரில் பஞ்சாபி, இந்தி, தெலுங்கோடு தமிழும் காதில் விழும்.

நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் வீட்டுக்குப் போகிறவர்களில் பலர், இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லாமல் போவதில்லை. சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். காசு கொடுத்துத்தானே ஏறினோம்?

நமக்கு மரியாதை தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. திருக்குறளில் விருந்தோம்பல் 9-வது அதிகாரம், இனியவை கூறல் 10-வது, பண்புடைமை 100-வது. மரியாதையை யாருக்குத் தருகிறோம் என்பதில்தான் சிக்கல்.

மரியாதைப் பேச்சு பற்றி உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் ஒரு கோட்பாட்டுக்குக் கோவை வட்டாரக் கிராமம் ஒன்றின் பேச்சுத்தமிழும் ஆதாரம். பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் அந்தத் தமிழை ஆங்கிலத்தோடும், மெக்சிகோ மாயா மக்களின் செல்டால் மொழியோடும் ஒப்பிட்டு, 1978-ல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லா மனிதருக்கும் இரண்டு ஆசைகள் என்றார்கள்: பிறர் தன்னை விரும்ப வேண்டும்; தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. “இன்னும் ஒரு தோசை வச்சுக்குங்க” என்ற நம் வற்புறுத்தல் முதல் ஆசைக்கான உபசாரம். போன் செய்து கேட்டுவிட்டே வீட்டுக்கு வரும் ஆஸ்திரேலியர் மதிப்பது இரண்டாவதை.

அதே கிராமத்துப் பேச்சு இன்னொன்றையும் காட்டியது. ‘நீங்க’ மேல்நோக்கிப் போனது. ‘நீ’ கீழ்நோக்கி வந்தது. எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், சாதியில் தாழ்த்தப்பட்டவருக்கு ‘நீ’தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது இந்த ஏணியைச் சாய்க்கத்தான்.

ஆஸ்திரேலியாவிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. ஆனால் அதைப் பேச்சில் காட்டுவது அங்கே அநாகரிகம். 2005 ஆகஸ்டில் கான்பெரா நாடாளுமன்றக் காவலர்கள் யாரையும் ‘மேட்’ (நண்பா) என்று அழைக்கக் கூடாதென உத்தரவு வந்தது. நாடே கேலி செய்தது. பிரதமர் ஜான் ஹோவர்டும் ஏற்கவில்லை. மறுநாளே உத்தரவு காற்றில் போனது.

டார்னெய்டின் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வழக்கங்களுக்கும் இடையில் வளர்கிறார்கள். வீட்டில் செருப்பை வாசலில் விட்டு, வந்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்கிறார்கள். நாளை வேலைக்குப் போனால் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இதில் மரியாதை கெட்டுவிடாது. பெரியவர்களை மதிக்கும் வழக்கம் நம்மோடு இருக்கட்டும். ஆளைப் பார்த்து அளந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். மெல்பர்னில் ஓட்டுநருக்கு நன்றி சொல்லப் பழகியவர்கள், விடுமுறைக்கு ஊர் போகும்போது வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையும் ‘வாங்க, உட்காருங்க’ என்று அழைத்துப் பாருங்கள்.