தீப்பொறியும் ஈயமும்: எஞ்சின் தட்டல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

தொழில்நுட்ப வளர்ச்சியைத் தனிமனிதரின் மதிநுட்பத்தால் மாத்திரம் விளக்குவோர், ஒரு பிரச்சினைக்குப் பல தீர்வுகள் இருக்கையில் அவற்றுள் ஒன்று ஏன் தெரிந்தெடுக்கப்படுகிறது என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பெற்றோல் எஞ்சினின் 'தட்டல்' இவ்வினாவுக்குத் தக்கதோர் உதாரணமாகும்.

உருளையினுள் அமுக்கப்பட்ட பெற்றோல் - வளிக் கலவை, பொறி பட்ட கணத்திலேயே முழுவதும் எரிந்துவிடுவதில்லை. சுவாலை பரவச் சில மில்லிசெக்கன்கள் செல்லும். ஆதலின், முசலம் உச்சியை அடையுமுன்னரே பொறி பிறத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் தண்டு ஒரு மில்லிசெக்கனில் 6 பாகை திரும்பும். 3000 சுற்றாயின் 18 பாகை திரும்பும். எனவே வேகம் கூடுந்தோறும் பொறியும் முந்தவேண்டும். அளவுமீறி முந்தினாலோ, அமுக்க விகிதம் எரிபொருளின் தரத்துக்கு மிஞ்சினாலோ, சுவாலை வந்து சேருமுன்பே எஞ்சிய கலவை தானாகத் தீப்பற்றும். அதனால் எழும் அமுக்க அலைகளின் ஓசையே தட்டலாகும். அது நீடிப்பின் முசலமே சிதையும்.

1921இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி, நாலெதைல் ஈயம் தட்டலைத் தணிப்பதைக் கண்டார். அற்ககோலும் அவ்வாறே தணிக்கும் என்பது அங்கு அறியப்பட்டிருந்தது. ஆயின், எவரும் வடித்தெடுக்கத்தக்க அற்ககோலில் ஏகபோகம் சாத்தியமன்று. ஈயச் சேர்வையிலோ காப்புரிமை வழியாக அது சாத்தியமாயிற்று. 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் அச்சேர்வையால் ஐந்து தொழிலாளர் மாண்டனர். எனினும் ஈயப் பெற்றோல் உலகெங்கும் பரவியது.

பொறியின் நேரத்தை அக்காலத்தில் டிஸ்ரிபியூட்டரின் சுழலும் எடைகளும் வெற்றிட மென்தகடும் நிர்ணயித்தன. தேயும் அவ்வுறுப்புகள் தட்டலை அறியமாட்டா. இலத்திரனியல் முறையிலோ, தண்டின் நிலையையும் எஞ்சினின் சுமையையும் உணரிகள் அறிவிக்க, சிறு கணனி தன் அட்டவணைப்படி உரிய பாகையைத் தெரிகிறது. திரான்சிற்றர் சுருளின் மின்னோட்டத்தைத் துண்டிக்கவே உயர் அழுத்தப் பொறி பிறக்கிறது. எஞ்சின் உடலிற் பொருத்தப்பட்ட பீசோமின் உணரி, தட்டலுக்குரிய அதிர்வை மின் சைகையாக மாற்றுகிறது. சைகை கிடைத்ததும் கணனி பொறியைச் சில பாகை பின்தள்ளுகிறது. தட்டல் ஓய்ந்தபின் சிறிது சிறிதாக மீண்டும் முன்னகர்த்துகிறது. இவ்வாறு எஞ்சின் எப்போதும் தட்டலின் எல்லையை அண்மித்தே இயங்குகிறது. 1978இல் பியூக் நிறுவனத்தின் ரேபோ எஞ்சின்களில் இத்தகைய கட்டுப்பாடு இடம்பெற்றது.

இதனைக் கொண்டு இலத்திரனியலே ஈயத்தை விரட்டியது என முடிவுசெய்தல் தவறாகும். 1975 முதல் அமெரிக்கக் கார்களிற் பரவலாகப் பொருத்தப்பட்ட புகைச்சுத்திகரிப்பு ஊக்கியை ஈயம் பழுதாக்கியமையும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிப்பது பற்றிய சான்றுகளும், சுத்திகரிப்பு முறைகளின் முன்னேற்றமும் சேர்ந்தே அம்மாற்றத்தை விளைவித்தன. கார்களுக்கான ஈயப் பெற்றோல் இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலேயே நின்றது. தொழிலாளரின் மரணம் 1924இல் விடுத்த எச்சரிக்கைக்கும் அதற்குமிடையே 97 ஆண்டுகள் கழிந்தன. எஞ்சினின் தட்டலுக்குச் செக்கனின் சிறு கூறொன்றில் மறுமொழி கிடைக்கிறது. இவ்வேற்றுமைக்கான காரணம் அறிவின் குறைபாடன்று. அறிவு எவர் நலனுக்காகச் செயற்படுத்தப்படுகிறது என்பதேயாகும்.