கணுக்கால் சுளுக்கு

கணுக்கால் சுளுக்கு என்பது பாதம் திடீரெனப் பிறழும்போது கணுக்கால் மூட்டின் இணைநார்கள் அளவுக்கு மீறி இழுபடுவது அல்லது கிழிவது ஆகும். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டைகளே இணைநார்கள். விளையாட்டு வீரர்கள், மலையேறுவோர், சரிவான நிலத்தில் உழைப்போர் ஆகியோருக்கு இது அடிக்கடி ஏற்படுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் சென்று வரும் தொழிலாளர்களும், குரங்கணி மலைப்பாதையில் நடப்போரும் இவர்களுள் அடங்குவர்.

காரணம்

பெரும்பாலும் பாதம் உட்புறமாக மடங்குவதால் கணுக்காலின் வெளிப்புற இணைநார்கள் பாதிக்கப்படுகின்றன. இம்மூட்டில் பொருந்தியுள்ள தாலஸ் என்னும் எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருக்கும். சரிவில் இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தால் குறுகிய பகுதி மூட்டுக்குள் வருகிறது; பிடிப்பு தளர்கிறது. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. எனவே காய் எடுப்போர் ஈரச் சருகு மூடிய கற்களுக்கும் வேர்களுக்கும் நடுவே குனிந்தபடியே நகர வேண்டியுள்ளது.

சுளுக்கா, எலும்பு முறிவா?

"நடக்க முடிந்தால் முறிவில்லை" என்னும் நம்பிக்கை முழுவதும் சரியன்று. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் இதற்கென விதிகளை வெளியிட்டனர். கணுவிலோ நடுப்பாதத்திலோ வலி இருந்து, கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

• உள் அல்லது வெளிக் கணு எலும்பின் நுனியில், அல்லது அதன் பின்விளிம்பில் 6 செ.மீ. உயரம் வரை, அழுத்தினால் வலித்தல்.
• பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் புடைத்துள்ள எலும்பிலோ, உட்புறம் கணுவுக்குச் சற்று முன்னுள்ள எலும்பிலோ அழுத்தினால் வலித்தல்.
• அடிபட்டவுடனும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க முடியாமை.

நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. ஆகவே அவர்கள் இவ்விதிகளை நம்பியிருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதலுதவி

வேலையை உடனே நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் வைக்கலாம். தோட்டத்தில் பனிக்கட்டி கிடைக்காவிடில் ஓடை நீரில் நனைத்த துணி போதும். மீள்கட்டுத் துணியை விரல்கள் மரத்துப்போகாத அளவில் சுற்றி, காலை உயர்த்தி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள்களில் எண்ணெயிட்டு உருவுதல், சூடான ஒத்தடம் ஆகியவை வீக்கத்தை மிகுவிக்கும். முறிவு இருந்தால் உருவுவதால் எலும்பு விலகவும் கூடும்.

மருத்துவமும் தடுப்பும்

லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறும். இணைநார் முழுவதும் கிழிந்தால் சில மாதங்கள் ஆகலாம். வலி குறையத் தொடங்கியதும் மூட்டை அசைப்பது நல்லது. உட்கார்ந்தபடி கால் கட்டைவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதுவது எளிய பயிற்சி. பின்னர் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டும். இது மீண்டும் சுளுக்குவதைக் குறைக்கும்.

கூலி போய்விடுமே என்று வீக்கம் வற்றுமுன் மலையேறுவோர் பலர். ஆறாத இணைநார் தளர்ந்தே நின்றுவிட்டால் சிறு கல் இடறினாலும் கால் பிறழும்; நாளடைவில் மூட்டும் தேயும். ஒரு வாரக் கூலியைக் காக்க எண்ணிப் பல ஆண்டு உழைப்பை இழக்க நேரிடலாம்.