உங்களுக்குத் தெரியுமா? பின்னால் உருண்டு வரும் வீட்டின் சக்கரங்கள்

வட அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் வீடுகள் கிளம்பிவிடும். கட்டில், அடுப்பு, குளியலறை சகிதமாகப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் உருளும் டிராவல் டிரெய்லர்கள். காரின் முன்டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவரின் கைக்கே தெரிந்துவிடும். டிரெய்லர் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கோடு தொடர்பில்லை, எஞ்சினோடும் தொடர்பில்லை. அங்கே என்ன நடந்தாலும் முன்னால் இருப்பவருக்குச் சேதி வந்து சேர்வதில்லை. வண்டி நிற்கும்போது குனிந்து பார்த்தால்தான் உண்டு. அப்படிக் குனிபவர்களுக்காகச் சில தகவல்கள்.

● டிரெய்லருக்கென்றே தனி டயர் வகை இருக்கிறது. அளவுக்கு முன்னால் 'எஸ்டி' என்ற எழுத்துகள் இருக்கும். ஸ்பெஷல் டிரெய்லர் என்பதன் சுருக்கம். கார் டயரின் பக்கச்சுவர் நெகிழ்வானது, பயணம் சொகுசாக இருக்கவேண்டும் என்பதற்காக. அதே நெகிழ்வு உயரமான, கனமான டிரெய்லருக்கு வந்தால் வண்டி பக்கவாட்டில் ஆடும். ஆகவே எஸ்டி டயரின் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்கிறார்கள். அதற்காக எஸ்டி டயரைக் காருக்கு மாட்டிவிடக் கூடாது. வண்டியை இழுக்கவும் திருப்பவும் அதை வடிவமைக்கவில்லை.

● இரட்டை அச்சு டிரெய்லரை முகாம் திடலில் வளைத்து ரிவர்ஸ் எடுக்கும்போது, இறங்கி நின்று டயர்களை ஒருமுறை பாருங்கள். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டயர்களில் ஒன்று உள்பக்கமாகவும் மற்றது வெளிப்பக்கமாகவும் முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு அச்சுகளும் திரும்பாதவை. ஆனால் வண்டி திரும்பியாக வேண்டும். அந்த முரண்பாட்டை டயர்தான் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எஃகு இழை அடுக்குகள் ஒன்றுக்கொன்று எதிராக இழுபடுகின்றன. இது பல முறை நடந்தபின், ஒரு நாள் நெடுஞ்சாலையில் மேல்ரப்பர் பட்டையாக உரிந்து வருகிறது. முடிந்த இடத்தில் எல்லாம் அகலமாக வளைத்துத் திருப்புங்கள். இடம் இல்லாத திடல் என்றால் மெதுவாக, முன்னும் பின்னுமாக எடுத்துக் கோணத்தைச் சரிசெய்வது டயருக்குச் செய்யும் பெரிய உதவி.

● பக்கச்சுவரில் வேக எழுத்து எதுவும் இல்லாத எஸ்டி டயரின் உச்ச வேகம், மரபாக மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கி.மீ. 'எல்' என்று இருந்தால் 75 மைல், 'எம்' என்றால் 81, 'என்' என்றால் 87. இழுக்கும் பிக்கப் 80 மைலில் சிரமமே இல்லாமல் போகும். பின்னால் வருவது தாங்குமா என்பதுதான் கேள்வி. கலிஃபோர்னியாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் அங்கே உச்ச வேகம் 55 மைல்.

● அதிகச் சுமை தாங்கும் டயரை மாற்றிவிட்டுப் பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டுபவர்கள் உண்டு. கூடுதல் தாங்குதிறன் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. பரவலாகப் பயன்படும் 225/75 ஆர்15 அளவை எடுத்துக்கொள்வோம். சுமை வகை 'சி' என்றால் 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 975 கிலோ தாங்கும். 'டி' வகை 65 பி.எஸ்.ஐ.யில் 1,150 கிலோ. 'இ' வகை 80 பி.எஸ்.ஐ.யில் 1,285 கிலோ. அந்த 'இ' டயரில் 50 பி.எஸ்.ஐ. மட்டும் அடித்தால் அது தாங்குவது மறுபடியும் 975 கிலோதான். சுமையைத் தூக்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. சக்கர ரிம்மும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்பதை அதன் உட்புற முத்திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● வால்வும் கவனத்துக்குரியது. சாதாரண ரப்பர் வால்வு பொதுவாக 65 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான். 80 அடிக்கும் டயருக்கு உலோக வால்வு கேட்டு வாங்குங்கள்.

● "பத்து டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால் ஒரு பி.எஸ்.ஐ. மாறும்" என்பது கார்க்காரர்கள் சொல்லும் கணக்கு. 35 பி.எஸ்.ஐ. டயருக்கு அது சரி. 80 பி.எஸ்.ஐ. டிரெய்லர் டயருக்கு அதே பத்து டிகிரியில் ஏறக்குறைய இரண்டு பி.எஸ்.ஐ. மாறும். மிச்சிகன் குளிரில் நிறுத்திவைத்த வண்டியை வசந்தத்தில் எடுக்கும்போதும், அரிசோனா வெயிலுக்குள் நுழையும்போதும் இது பெரிய வித்தியாசம். அழுத்தத்தைப் பார்ப்பது எப்போதும் கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடி நிறுத்திய டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதற்காகக் காற்றை இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் டயர் குளிர்ந்தபின் காற்று குறைந்த டயராக நிற்கும். மறுநாள் அது கூடுதலாக நெளியும், நெளிந்தால் சூடேறும். டிரெய்லர் டயர்களைக் கொல்வதில் முதலிடம் சூட்டுக்குத்தான்.

● டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. ஆண்டில் சில வாரம் ஓட்டம், மீதி மாதங்கள் முற்றத்தில் நிற்பு. "பட்டன் அப்படியே இருக்கிறதே, இன்னும் இரண்டு வருஷம் ஓடும்" என்ற நினைப்பு இதனால்தான் ஆபத்தாகிறது. டயர் ரப்பரில் மெழுகும், ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் கலந்திருக்கின்றன. டயர் உருண்டு நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்புப் படலமாகப் படிகின்றன. நிற்கும் டயரில் அந்த ஓட்டம் நின்றுபோகிறது. புற ஊதாக் கதிரும் ஓசோனும் ரப்பரை அரிக்க, பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. ஓடாத டயர் ஓடுகிற டயரைவிட முன்னதாகக் கிழடாவது இப்படித்தான். பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும், ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளில் மாற்றிவிடுவது அனுபவப்பட்டவர்களின் வழக்கம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

● வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கச்சுவரில் 'டிஓடி' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் விளக்கோடு அடியில் படுக்கத்தான் வேண்டும். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் மெத்தையையும் அடுப்பையும் பார்க்குமுன் இதைப் பார்க்க வேண்டும்.

● நிறுத்திவைக்கும் மாதங்களில் டயருக்கு உறை போடுங்கள்; வெயில் படாது. பளபளப்புக்காக எண்ணெய்த் திரவங்கள் பூச வேண்டாம். பெட்ரோலியம் கலந்தவை அந்தக் காப்பு வேதிப்பொருள்களையே கெடுத்துவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

● தரையைச் சமமாக்கச் சக்கரத்தின் கீழ் பலகை வைக்கிறோம். டயரின் தடம் முழுவதும் அந்தப் பலகைமேல் இருக்கிறதா? பாதி பலகையிலும் பாதி அந்தரத்திலும் நின்றால் மொத்தச் சுமையும் டயரின் ஒரு பாதியில் இறங்கி, உள்ளே இருக்கும் இழைகளைக் காயப்படுத்தும்.

● அமெரிக்காவில் 2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்ட பிறகு, அதே ஆண்டில் புதிய சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களிலும் இலகு ரக வண்டிகளிலும் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமானது. டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை! எந்த வண்டியின் டயரை ஓட்டுநரால் உணரவே முடியாதோ, அதைச் சட்டம் விட்டுவிட்டது. தனியாக விற்கும் கருவியை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். டிரெய்லருக்கு வாங்கவேண்டிய துணைக்கருவிகளில் முதலாவது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

● இரட்டை அச்சில் ஒரு டயர் காற்றிழந்தால், அந்தப் பக்கத்துச் சுமை ஏறக்குறைய முழுவதும் பக்கத்து டயர்மேல் விழுகிறது. கவனிக்காமல் பல மைல் ஓட்டியிருந்தால் அந்த இரண்டாவது டயரும் உள்ளுக்குள் நொந்திருக்கும். வெடித்ததை மட்டும் மாற்றிவிட்டுப் பயணத்தைத் தொடராதீர்கள். உரிந்த ரப்பர் சுழன்று அடிக்கும்போது தரைப்பலகை, மின்கம்பி, எரிவாயுக் குழாய் என்று அடியில் இருப்பதை எல்லாம் கிழித்திருக்கக்கூடும். அவற்றையும் பார்க்க வேண்டும்.

● ஒரு அமெரிக்க கேலன் தண்ணீரின் எடை சுமார் 3.8 கிலோ. 40 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 150 கிலோ கூடிவிட்டது. உள்ளே சமையல் பாத்திரம், சைக்கிள், விறகு எல்லாம் சேர்த்தால்? அந்த நாட்டு நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் போன்ற எடைமேடைகள் இருக்கின்றன. லாரிக்காரர்களோடு வரிசையில் நின்று நாமும் எடை பார்க்கலாம். முடிந்தால் இடம், வலம் தனித்தனியாகவும் பாருங்கள். சமையலறை இருக்கும் பக்கம் கூடுதலாக இருப்பது சகஜம். மொத்த எடை அளவுக்குள் இருந்தும் ஒரு பக்கத்து டயர்கள் மட்டும் திணறிக்கொண்டிருக்கலாம். கொக்கியின்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் வால் ஆடத் தொடங்கும்.

● டிரெய்லரின் அச்சுக்குழாய் நேரானது அல்ல. நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்தே தொழிற்சாலையில் செய்கிறார்கள். சுமை ஏறியதும் அது நேராகி, டயர் தரையில் சமமாகப் படியும். அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு வளைந்து, டயர்களின் தலைகள் உள்நோக்கிச் சாய்ந்து, உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே தெரியும். மாதம் ஒருமுறை கையை உள்பக்கமாக விட்டுத் தடவிப் பாருங்கள். இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு விளிம்பு மட்டும் என்றால் அச்சைச் சந்தேகிக்க வேண்டும்.

● பல டிராவல் டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பரே கிடையாது. லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வுதான் குலுக்கலை அடக்குகிறது. சத்தம் போடுகிறதே என்று பட்டைகளுக்கு நடுவில் எண்ணெய் விட்டால் இருக்கிற அடக்கமும் போய்விடும்.

● இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரே பக்கத்து இரண்டு ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே தொங்கும் இரும்புத் துண்டுக்கு ஈக்வலைசர் என்று பெயர். தராசுக்கோல் மாதிரி இருபக்கமும் ஏறி இறங்கி, இரண்டு அச்சுகளுக்கும் சுமையைப் பகிர்ந்து தருகிறது. இது சுழலும் இடத்தில் இருக்கும் புஷ், பல வண்டிகளில் வெறும் பிளாஸ்டிக். அது தேய்ந்ததும் போல்ட் இரும்பிலேயே உரசி, ஸ்பிரிங்கை ஈக்வலைசரோடு இணைக்கும் ஷேக்கிளின் வட்டத்துளை முட்டை வடிவமாகிவிடும். அதற்குப் பிறகு அச்சு தன் இடத்தில் நிற்காது. டயர் கோணலாக உருளும். டயரைக் குறைசொல்லி இரண்டு முறை மாற்றியபின் புஷ்ஷைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் அடிக்கும் துளையுள்ள போல்ட்டுமாகச் சேர்த்து ஒரு தொகுப்பாகவே விற்கிறார்கள். அதிகம் பயணிப்பவர்கள் முதல் வேலையாக அதை மாற்றிவிடலாம்.

● ஸ்பிரிங்கே இல்லாத டிரெய்லர்களும் உண்டு. சதுரக் குழாய்க்குள் ரப்பர் கயிறுகளை அடைத்து, அவை நசுங்கி விரிவதையே சஸ்பென்ஷனாக்கிய அச்சு அது. இண்டியானாவின் எல்கார்ட்டைச் சேர்ந்த டெக்ஸ்டர் நிறுவனத்தின் டார்ஃப்ளெக்ஸ் இவ்வகை. கிரீஸ் கேட்காது, சத்தம் போடாது. ஆனால் இரண்டு அச்சுக்கும் நடுவே ஈக்வலைசர் இல்லை. டிரெய்லரின் மூக்கு தூக்கியபடி இழுத்தால் பின்அச்சு கூடுதல் சுமையைத் தனியாகத் தாங்கும். ஆகவே டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி கொக்கியின் உயரத்தை அமைப்பது இதில் மிக முக்கியம். உள்ளே ரப்பர் தளர்ந்துபோனால் பழுதுபார்க்க வழியில்லை. அச்சையே மாற்ற வேண்டும்.

● வீல் பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது, கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். அச்சு முனையில் கிரீஸ் அடிக்கும் துளை இருந்தால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மெதுவாக அடியுங்கள். அவசரப்பட்டால் கிரீஸ் சீலைத் தாண்டிப் பிரேக்குக்குள் போய்விடும். அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது.

● தேநீருக்கு நிறுத்தும்போது நான்கு ஹப்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி விலை குறைவுதான். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது இயல்பு. நான்கில் ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ காரணம்.

● சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைல்களில் நிறுத்தி வீல் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். அரை அங்குல போல்ட்டுகளுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு. நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் கொண்டு. திருப்பங்களில் பக்கவாட்டு இழுவையை வாங்குவதால் டிரெய்லரின் நட்டுகள் தளர வாய்ப்பு அதிகம்.

● ஜாக்கியை அச்சுக்குழாயின் கீழ் வைக்காதீர்கள், குழாய் வளைந்துவிடும். சட்டத்தின் கீழ், சக்கரத்துக்கு அருகில் வையுங்கள். டிரெய்லர் பிக்கப்போடு கோர்த்தே இருக்கட்டும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

● ஸ்டெப்னியும் மற்ற டயர்களோடு சேர்ந்தே கிழடாகிறது. அதன் தேதியையும் காற்றையும் பார்த்துவிட்டு, பிக்கப்பில் இருக்கும் ஸ்பேனர் டிரெய்லரின் நட்டுக்குச் சேருகிறதா என்று வீட்டு வாசலிலேயே மாட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டும் வேறு அளவு.