பின்வரிசையில் நின்றவர்கள்

மாலை மயங்கியதும் நம் இல்லங்களில் தொலைக்காட்சி பேசத் தொடங்குகிறது. கதாநாயகியின் கண்ணீர் கண்டு நாமும் கலங்குகிறோம். ஆனால் அவளுக்குப் பின்னால், திருமணப் பந்தலில் வரிசையாக அமர்ந்திருக்கும் விருந்தினரை நாம் என்றேனும் உற்றுப் பார்த்ததுண்டா? அவர்களுக்குத் துணை நடிகர் என்று பெயர். பழைய வழக்கில் ‘எக்ஸ்ட்ரா’ என்பார்கள். மிகையானது என்பதே அச்சொல்லின் பொருள். மனிதரை மிகை என்று அழைப்பது எத்துணைக் கொடுமை!

சில ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் ஒரு தொடருக்காகத் திருமணக் காட்சி படமாக்கப்பட்டது. கூட்டத்தில் அமர ஆட்கள் வேண்டும். ஒரு நாள் கூலியும் உணவும் உண்டு என்று ஏஜெண்டு ஒருவர் திருச்சியில் ஆள் சேர்த்தார். தையல் தொழிலால் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், விடியுமுன் காவிரிப் பாலத்தைக் கடந்து அங்கே சென்றார். கணவரை இழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமண வீடாயிற்றே! பட்டுப்போன்ற சேலையும், தலைக்கு மல்லிகைச் சரமும், நெற்றிக்குப் பொட்டும் கொடுத்தார்கள்.

காமிராவைப் பார்க்கலாகாது, பக்கத்திலிருப்பவரோடு பேசுவதுபோல் வாயசைக்க வேண்டும், குரல் எழும்பக் கூடாது. இவையே அவருக்கு இடப்பட்ட கட்டளைகள். முன்னால் நடிப்பவரின் சொற்கள் மட்டுமே பதிவாக வேண்டும் என்பதால், பின்னால் இருப்போர் ஓசையின்றிச் சிரித்து, ஓசையின்றி உரையாட வேண்டும். ஒரே தாலிகட்டைப் பத்து முறை கட்டினார்கள். பத்து முறையும் அவர் அட்சதை தூவினார்.

“கூலி குறைச்சல்னு வருத்தமில்லை சாமி. சாயங்காலம் பூவைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன் பாருங்க, அப்பத்தான் அழுகை வந்தது” என்று பின்னர் என்னிடம் கூறினார். அன்று அந்தப் பந்தலில் மெய்யான கண்ணீர் சிந்தியவர் அவர் ஒருவரே என்று எண்ணுகிறேன். ஆனால் அப்போது காமிரா அணைக்கப்பட்டிருந்தது.

காமிரா காணாததைக் காணும் கண் ஒன்று உண்டு. அது எழுத்தாளனின் கண். தமிழில் அதற்குச் சிறந்த சான்று அசோகமித்திரன். 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், இயற்பெயர் தியாகராஜன். தந்தையின் மறைவுக்குப் பின் 1952-இல் சென்னைக்கு வந்து, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் அலுவலராகச் சேர்ந்தார். நூற்றுக்கணக்கானோர் ஆடிய முரசு நடனத்தால் புகழ்பெற்ற ‘சந்திரலேகா’வை 1948-இல் வெளியிட்ட நிறுவனம் அது. அங்கே இவர் நடித்தாரில்லை. செய்தித்தாள்களிலிருந்து வேண்டிய செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பதே இவருடைய பணி. நாள் முழுவதும் காகிதம் கிழிப்பவரைக் கண்டு, இவருக்கு வேலையே இல்லை என்று பிறர் எண்ணினராம்! 1966 வரை அங்கிருந்த அவர், பிற்காலத்தில் அந்நாள்களை ஆங்கிலத்தில் நினைவுக் குறிப்புகளாக எழுதினார். அதன் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றதால், நம் பிள்ளைகள் பலர் அதைப் படித்திருக்கக் கூடும்.

அதில் ஒப்பனைப் பிரிவைப் பற்றி அவர் கூறுவது நம் சிந்தனைக்குரியது. அங்கே கண்டிப்பான படிநிலை இருந்தது. நாயகன் நாயகியருக்குத் தலைமை ஒப்பனையாளர். அடுத்த நிலை நடிகருக்கு அவருடைய உதவியாளர். இப்படியே இறங்கி வந்து, கூட்டத்தில் நிற்போருக்கு ஒப்பனை செய்யும் பொறுப்பு ‘ஆபீஸ் பையன்’ ஒருவருக்கு. கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் அவர் பெரிய பாத்திரமொன்றில் சாயத்தைக் குழைத்து, வந்தவர் முகங்களிலெல்லாம் அப்பிவிடுவாராம். ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஒப்பனை எதற்கு? கூட்டத்துக்கு ஒரே முகம் போதும் என்பதுதானே அங்குள்ள எண்ணம்!

அந்த ஆபீஸ் பையனோ பையனல்லர். நாற்பது வயதைக் கடந்தவர். நடிகனாகவோ, இயக்குநராகவோ, பாடலாசிரியனாகவோ ஆகும் கனவோடு பல்லாண்டுகளுக்கு முன் உள்ளே வந்தவர். பெயரற்ற முகங்களுக்குச் சாயம் பூசியவரும், தம் பெயர் திரையில் ஒளிரக் காத்திருந்தவரே. இதை நகைச்சுவையோடு எழுதும் அசோகமித்திரன், அம்மனிதரின் ஏமாற்றத்தை நமக்கு மறைக்கவில்லை.

அவருடைய ‘புலிக்கலைஞன்’ என்னும் சிறுகதை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வாய்ப்புக் கேட்டு ஸ்டூடியோ அலுவலகத்துக்கு ஓர் ஏழைக் கலைஞர் வருகிறார். பெயர் காதர். புலிவேடத்தில் வல்லவர். அலுவலர் கண்முன்னே அவர் புலியாகவே மாறிவிட, அனைவரும் திகைத்துப் போகின்றனர். மறுகணம் அவர் மீண்டும் பசியால் வாடும் எளிய மனிதராகிவிடுகிறார். பின்னர் ஒரு படத்தில் அவருக்கேற்ற காட்சி அமைகிறது. அவருக்குக் கடிதம் போகிறது. ஆனால் அந்த முகவரியில் அவர் இல்லையென்று கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. திறமை இருந்தது, தேவையும் வந்தது, ஆளைக் காணவில்லை. ‘கரைந்த நிழல்கள்’ என்று 1969-இல் நூலாக வந்த தம் திரையுலக நாவலிலும், திரைக்குப் பின்னால் உழைப்பவர்களையே அவர் முன்னிறுத்தினார்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. திருவரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ கதைகளில் அவ்வூர்த் தெருக்களின் எளிய மனிதரை வாழவைத்தார். வாசன் வளர்த்த ‘ஆனந்த விகட’னில் அவர் எழுதிய தொடரே ‘கனவுத் தொழிற்சாலை’. திரையின் ஒளிக்கு ஏங்கி வருவோர் செலுத்தும் விலையை அந்நாவல் எடுத்துக்காட்டியது.

இவ்விருவரும் நமக்குக் கற்பிப்பது யாது? கூட்டம் என்பது தொலைவில் நின்று பார்ப்பவர் இட்ட பெயர். அருகில் சென்று பார்த்தால் அங்கே கூட்டம் இல்லை. ஒரு தையற்காரத் தாயும், ஒரு காதரும், முதுமை நெருங்கும் ஓர் ஆபீஸ் பையனும் இருக்கிறார்கள். திரையில் மட்டுமா இந்நிலை? நம் திருமண வீடுகளில் இலை எடுப்பவரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் உண்டாரா என்று கேட்கிறோமா?

அந்தத் தாயின் கதை முடியவில்லை. தொடர் ஒளிபரப்பான மாலையில் தெருவே அவர் வீட்டில் கூடியது. திருமணம் முடிந்தது, அவர் முகம் வரவேயில்லை. வந்திருந்தோர் சங்கடத்தோடு எழுந்தனர். அப்போது ஐந்து வயதுப் பேத்தி, “அதோ, ஆத்தா கை!” என்று கூவினாள். அட்சதை தூவும் கைகளுக்கிடையே, தையல் ஊசி குத்திக் கறுத்த ஒரு விரல் நொடிப்பொழுது தெரிந்து மறைந்தது.

வேறு எவருக்கும் அது தெரியவில்லை. அந்தக் கையால் நாள்தோறும் சோறு உண்ட குழந்தைக்குத் தெரிந்தது.