ஓவியருக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள்

வைத்த இடத்திலேயே கரைந்து காணாமல் போகும் சிற்பத்தை ஒருவர் செய்தார். திடப்பொருளாக இருந்து நேரே ஆவியாகிவிடும் ரசாயனத்தில் வார்த்த ஒரு தேவதை உருவம் அது. சுற்றிலும் காற்றுப் புகாத கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டி. நாள் ஆக ஆக இறக்கையின் ஓரம் மழுங்கும், முகம் தேயும். ஆவியானது வெளியே போக வழியில்லாமல் பெட்டியின் உட்சுவரிலேயே உப்புப் பூத்த மாதிரி படிகமாக ஒட்டிக்கொள்ளும். கடைசியில் உருவம் போய்விடும், பொருள் மட்டும் அப்படியே பெட்டிக்குள் இருக்கும். ‘எமர்ஜிங் ஏஞ்சல்ஸ்’ என்று அதற்குப் பெயர்.

செய்தவர் ஆழ்வார் பாலசுப்ரமணியம். 1971-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, எடின்பரோவிலும் வியன்னாவிலும் அச்சுக்கலை பழகியவர். 2009-ல் மைசூரில் நடந்த டெட் இந்தியா மேடையில் தன் படைப்புகளைப் படம் போட்டுக் காட்டி விளக்கினார். 2010-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இருபதாம் நூற்றாண்டுக் கோட்டோவியங்களைப் பற்றி நடத்திய பெரிய கண்காட்சியில் அவர் படைப்பு இடம்பெற்றது. 2011-ல் வாஷிங்டன் பிலிப்ஸ் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி. பெங்களூரில் பல வருஷம் இருந்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் வந்து தங்கி வேலை செய்கிறார். மண், மழை, வெயில் மூன்றும்தான் இப்போது அவருடைய சாமான்கள்.

அதே பக்கத்து ஆழ்வார்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிற ஓவியக் கல்லூரிப் பையனுக்கு இது நல்ல சேதி. செங்கோட்டைப் பாசஞ்சர் நிற்கிற ஒரு ஸ்டேஷன் பக்கத்தில் இருந்துகொண்டே நியூயார்க்கில் காட்சி வைக்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் அந்தப் பையன் விட்டுவிடக் கூடாத பாதிக் கதை ஒன்று இருக்கிறது. பாலசுப்ரமணியத்தின் வேலையை 2000-களின் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டியது தல்வார் கேலரி. 2001-ல் நியூயார்க்கிலும் 2007-ல் டில்லியிலும் திறந்த கேலரி அது. கரைந்துபோகிற தேவதையை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அருங்காட்சியகத்துக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவருக்குக் கிடைத்தார்.

நமக்கு ஓவியர் பஞ்சம் கிடையாது. இந்த ஆளுக்குத்தான் பஞ்சம்.

ஆர்ட் ஃபேர் என்கிற கலைச் சந்தை அந்த ஆட்களுக்காக நடப்பது. ஓவியர்களின் திருவிழா என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். கூடம் முழுக்க வாடகை கட்டி நிற்பவர்கள் கேலரிக்காரர்கள். 1967-ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 18 கேலரிகள் சேர்ந்து ஆரம்பித்த ஏற்பாடு இது. 1970-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் பிடித்துக்கொண்டது. இந்தியாவுக்கு 2008 ஆகஸ்டில் வந்தது. நேஹா கிர்பால் டில்லி பிரகதி மைதானத்தில் ‘இந்தியா ஆர்ட் சம்மிட்’ என்ற பெயரில் 34 கேலரிகளுடன் தொடங்கினார். பின்னால் அது ‘இந்தியா ஆர்ட் ஃபேர்’ ஆகி ஓக்லா மைதானத்துக்குப் போனது. 2025 பிப்ரவரியில் 120 ஸ்டால்கள். 2023-லிருந்து மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் இன்னொரு சந்தையும் நடக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். கேலரி விண்ணப்பம் போட வேண்டும். தேர்வுக்குழு பார்த்து இடம் கொடுக்கும். வாடகை சதுர மீட்டர் கணக்கு. சுவர், விளக்கு, படத்தைப் பெட்டியில் அடைக்கும் கூலி, லாரி, இன்ஷூரன்ஸ், நாலு பேர் தங்கும் செலவு எல்லாம் கேலரியின் தலையில். முதல் நாள் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். பொதுமக்கள் டிக்கெட் எடுத்து நுழைவதற்குள் பல படங்களின் பக்கத்தில் ‘விற்றாயிற்று’ என்கிற சிவப்புப் பொட்டு ஒட்டியாகிவிடும். அதற்கும் முன்னால், பெரிய சேகரிப்பாளர்களின் போனுக்குப் படங்கள் போய்ச் சேர்ந்து, பாதி வியாபாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஒன்றும் விற்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நாலு நாள் நிற்கிற ஸ்டாலும் உண்டு. அந்த நஷ்டம் ஓவியருடையது அல்ல.

இதனால்தான் கமிஷன். படத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கேலரி எடுத்துக்கொள்ளும். ஒரு லட்சத்துக்குப் போன படத்தில் ஐம்பதாயிரம்தான் கைக்கு வரும் என்றால் புதிதாக வருகிற ஓவியருக்கு வயிறு எரியத்தான் செய்யும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குக் கத்தரிக்காய் போடுகிற சம்சாரிக்கு இந்த எரிச்சல் நன்றாகத் தெரியும். ஆனால் கத்தரிக்காய் மறுநாள் வாடிவிடும், கடைக்காரர் அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். நல்ல கேலரிக்காரர் பத்து வருஷம் காத்திருப்பார். ஓவியரின் விலையைக் கண்டபடி ஏற்ற மாட்டார், இறக்கவும் விடமாட்டார். யார் வீட்டுக்குப் போனால் படம் நாளைக்கே ஏலத்துக்கு வராது என்று பார்த்துக் கொடுப்பார். அதைச் செய்கிறவருக்குப் பாதி கொடுத்தாலும் தகும். செய்யாமல் சுவரை மட்டும் வாடகைக்கு விட்டுப் பாதி கேட்பவரை விட்டு ஓட வேண்டும்.

தாமிரபரணிக் கரைக்கு இப்படி நடுவில் நிற்கும் ஆள் புதிதல்ல. முதல் ஆள் கோயில். ஆழ்வார்குறிச்சி வழியாக வருகிற கடனா நதி தாமிரபரணியில் போய்ச் சேருமிடம் திருப்புடைமருதூர். அங்கே நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரப்படி ஏறினால் ஐந்து நிலையிலும் சுவர் கொள்ளாத ஓவியம். தூணும் உத்தரமும் செதுக்கிய மரம். ஒரு நிலையில் கப்பல் ஒன்று வருகிறது, குதிரைகளை ஏற்றிக்கொண்டு. அரபு நாட்டுக் குதிரை இறக்குமதியாகிற காட்சி அது. இருட்டுக்குக் கண் பழகின பிறகுதான் ஒவ்வொரு குதிரைத் தலையாகத் தெரிய ஆரம்பிக்கும். வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை. வரையச் சொன்ன கோயிலுக்கும் அரசுக்கும் அது தேவைப்படவில்லை.

கோயிலுக்கு அடுத்து வந்தவர் காலண்டர்க்காரர். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த கோவில்பட்டியில், சி. கொண்டையராஜு (1898–1976) என்ற ஓவியர் வந்து தங்கினார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர். கம்பெனி கலைந்தது, அவர் 1940-களில் அங்கேயே நின்றுவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்த முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் ஏறி, மளிகைக்கடை காலண்டராகவும் பூஜையறைப் படமாகவும் தமிழ்நாடு முழுக்க ஆணியில் தொங்கின. இன்றைக்கு எந்தக் கேலரிக்கும் வாய்க்காத பரவல் அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மூலப்படத்துக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகைதான். அப்புறம் எத்தனை லட்சம் அச்சானாலும் அது அச்சகத்தின் பாடு.

மூன்றாவது நடு ஆள் நம் பத்திரிகை ஆசிரியர். ஓவியர்கள் சில்பியும் கோபுலுவும் ஆதிமூலமும் மருதுவும் தமிழ் வீட்டுக்குள் வந்தது வாரப் பத்திரிகை வழியாகத்தான். வாசகர்கள் சில்பியின் கோட்டோவியங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். மூலத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று அநேகம் பேருக்குத் தோன்றவே இல்லை. ஓவியம் என்றால் இதழோடு இலவசமாக வருவது என்ற பழக்கம் நமக்கு அப்படித்தான் ஊறியது. இதில் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னையில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் இன்னொரு வழி பார்த்தார். 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைக் கிராமம் உருவானது. கேலரியை நம்பாமல், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஓவியம் வரைவது என்று திட்டம். சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ்.ஜி. வாசுதேவ், நந்தகோபால் போன்றவர்கள் வேலை செய்த இடம். சுயமரியாதையோடு பிழைத்த இந்த முயற்சியை நான் எப்போதும் வியந்துதான் பேசுவேன். ஆனால் பலனில் ஒரு குறை. அதே காலத்தில் பம்பாய்க்காரர்களுக்கு 1963-லிருந்தே கெமோல்ட், புண்டோலே என்று கேலரிகள் பக்கபலமாக நின்றன. டில்லியில் தூமிமல் கேலரி 1936-லிருந்து இருக்கிறது. 2025 மார்ச்சில் பம்பாய் ஓவியர் ஹுசேனின் ‘கிராம யாத்ரா’ நியூயார்க்கில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. சென்னைக் குழுவில் ஹுசேனுக்குச் சளைக்காத கை இருந்தது, அந்த விலையின் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. கன்னிமரா ஓட்டலில் சரளா கலை மையம், 1984-ல் அப்பாராவ் கேலரி என்று சென்னையிலும் சிலர் நின்றார்கள். ஒரு நகரத்துக்கு அது போதவில்லை.

விலையை வைத்துக் கலையை அளக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. சந்தை கலையைக் கெடுக்கவும் செய்யும். வருஷத்துக்கு இரண்டு சந்தைக்குப் படம் வேண்டும் என்று கேலரி நெருக்கினால், ஓவியர் போன வருஷம் விற்ற மாதிரியே திரும்பத் திரும்ப வரைவார். ஸ்டால் சுவருக்கு அடங்குகிற அளவு, தூரத்திலிருந்து கண்ணை இழுக்கிற நிறம் என்று கை தானாகவே திரும்பிவிடும். 2019-ல் மயாமி சந்தையில் இத்தாலிக்காரர் கட்டேலான் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்ற கதை தெரிந்திருக்கும். 2024-ல் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நாம் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். கவனிக்க வேண்டியது வேறு. வாங்கியவர் கைக்குப் போனது ஒரு சான்றிதழும், பழத்தை எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். அழுகிப்போகிற பழத்தையே காகிதம் காப்பாற்றுகிறது என்றால், அழியாத கான்வாஸுக்குக் காகிதம் வேண்டாமா?

நம் பிள்ளைகள் ஏமாறுகிற இடம் இதுதான். வாய்ப்பேச்சை நம்பி, தெரிந்தவர் என்று பத்துப் படத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தெந்தப் படம், என்ன அளவு, என்ன விலை, கமிஷன் எத்தனை சதவீதம், விற்றால் எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, வழியில் கிழிந்தால் யார் பொறுப்பு – ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இன்னொன்று, 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியமோ சிற்பமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், படைத்தவருக்கும் வாரிசுக்கும் அதில் பங்கு கேட்க உரிமை உண்டு. பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் கேட்பாரற்றுக் கிடக்கிற சட்டம். யார் வாங்கினார் என்றே தெரியாத ஓவியர் எதை வைத்துக் கேட்பார்? வாங்கியவர் பெயரை பில்லில் எழுதி ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். ஓவியம், சிற்பம் மீதான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பில் இல்லாமல் விற்க இனிப் பெரிய காரணம் கிடையாது.

வாங்க ஆள் வேண்டுமே என்பார்கள். அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். பரமகல்யாணி பெயரில் பள்ளியும் கல்லூரியும் இந்த ஊருக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்து சென்னையிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் சம்பாதிக்கிற குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. ஊருக்கு என்றால் கும்பாபிஷேகத்துக்குக் கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார்கள். புது வீட்டுக்கு இத்தாலி மார்பிள் போட்டு, ஹாலில் அச்சடித்த படத்தை மாட்டுவார்கள். வேண்டாம் என்று அல்ல; உயிரோடு இருக்கிற ஓவியரின் படத்தை எங்கே போய் வாங்குவது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற சிற்பி சந்ரு நெல்லையில் தங்கி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார். வரையத் தெரிந்த பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். வாங்கக்கூடிய வீடு நாலு தெரு தள்ளி இருக்கிறது. நடுவில்தான் ஆளில்லை.

இந்தத் தொழிலுக்கு மாளிகை வேண்டாம். வெள்ளையடித்த ஒரு கூடம், நல்ல விளக்கு, ஒழுங்கான கணக்குப் புத்தகம், ஜிஎஸ்டி எண், முதல் ஐந்து வருஷம் லாபம் பார்க்காமல் இருக்கிற தெம்பு. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ அப்படி ஒருவர் கடை திறக்க முன்வந்தால், எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். படம் கொடுக்க ஆள் இருக்கிறது.