பூட்டைத் திறப்பவர் யார்?

கட்டடம் எழும்புகிறது, கல்வெட்டு பதிகிறது, மாலைகள் குவிகின்றன. ஆண்டு இரண்டு போகட்டும் – கதவிலே பூட்டு! நூல்நிலையத் திட்டங்கள் பல இப்படி மூச்சை விடுவானேன் என்று கேட்கிறோம்.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதற் சட்டம். சீர்காழி தந்த அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னே உண்டு. அந்தச் சட்டம் கட்டடத்தை மட்டுமா எண்ணிற்று? நித்தச் செலவையும் எண்ணிற்று! அதனாலன்றோ நூலக வரி! இன்று சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு. உள்ளாட்சி வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆலை கட்டும் வரியில் அது உண்டு. ஓசூரில் ஒற்றை அறைக்கு வாடகை தரும் தொழிலாளியின் வியர்வையிலும் அது உண்டு. வாங்கிய காசை நிலுவையில் வைத்தால், புத்தகம் வாங்குவது எதைக்கொண்டு?

2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் சிற்றூர்களிலெல்லாம் நூல்நிலையம் தந்தது. சீரிய நோக்கம்! ஆனால் சொற்ப ஊதியம், பகுதிநேர ஆள், புதுநூல் வரவில்லை; பல ஊர்களில் கதவு மூடிற்று. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமோ, மறு ஆண்டே மருத்துவமனையாகும் என்ற அறிவிப்புக்கு ஆளாயிற்று. உயர்நீதிமன்றம் தடுத்தது. பிறகு பராமரிப்புக்கும் நீதிமன்றப் படியேற வேண்டி வந்ததே!

ஆகவே சொல்கிறோம்: திட்டம் தீட்டும் நாளிலேயே நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஆள் யார்? ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து? திறக்கும் நேரம் எது? நூல் யாருக்கு?

ஓசூரைப் பாருங்கள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை ஊர். சிப்காட் ஆலைகளிலே ஷிப்டு முறை. ஒருவனுக்கு ஓய்வு காலையில், மற்றவனுக்கு இரவில். அலுவலக நேரம் பார்த்துத் திறந்தால் இவன் எப்போது படிப்பது? வெல்டிங் கற்பவனுக்கு எளிய தமிழில் நூல் வேண்டாமா? தொழிலாளர் சட்டம் அறிய வேண்டாமா? பக்கத்து வீட்டுக் கன்னடச் சிறுவனுக்குக் கதைநூல் வேண்டாமா?

தோழர்களே! கிராமசபையிலே கேளுங்கள், மாமன்ற உறுப்பினரைக் கேளுங்கள், விடை வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். வரி எவ்வளவு வந்தது? எவ்வளவு ஒப்படைத்தீர்கள்? நூலகர் இடம் ஏன் காலி?

கேட்பது சலுகையல்ல, நாம் கட்டிய காசுக்குக் கணக்கு!